பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்

மேற்கு மாம்பலத்தில் டியூஷன் சென்டர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் தெரு ஒன்று. மாலை ஆறரை மணி. அக்கா மகனைக் கூட்டிவரப் போனவன், டீக்கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பிளஸ் டூ பையன்கள் மூன்று பேர் வெளியே வந்தார்கள். இரண்டு பேர் தோளிலிருந்த பையைக் கழற்றி மூன்றாமவனிடம் கொடுத்தார்கள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தார்கள். மூன்றாமவன் அங்கேயே நின்றான். முதுகில் ஒரு பை, மார்பில் ஒரு பை, கையில் ஒரு பை. பத்து நிமிடம் இருக்கும். அவர்கள் திரும்பி வந்தபோது அடித்தது வெறும் சிகரெட் வாடை இல்லை. பைகள் கைமாறின. மூன்று பேரும் பட்டர் பிஸ்கட் வாங்கிப் பங்குபோட்டுத் தின்றார்கள்.

பை பிடித்தவன்தான் என் அக்கா மகன்.

வண்டியில் வரும்போது கேட்டேன். "நீயும் இழுப்பியாடா?"

"ச்சே, இல்ல மாமா."

பொய்யில்லை என்று தெரிந்தது. "அப்ப அவங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டியா?"

துரைசாமி சுரங்கப்பாதை வரைக்கும் பதிலில்லை. பாலத்துக்கு அடியில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே, காதோரம் வந்து சொன்னான். "அது அவங்க லைஃப் மாமா. அவங்கள ஜட்ஜ் பண்ண நான் யாரு?"

சென்னையில் பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குள் இருக்கும் யாரோடு பேசினாலும் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு திருப்பத்தில் வந்து நிற்கும். 'ஜட்ஜ் பண்றது' இப்போது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. முடி கலர் பண்ணினாலும், காதலித்தாலும், கஞ்சா இழுத்தாலும் ஒரே பதில்தான். பெற்றோர்கள் இதைக் கேட்டதும் பதறுகிறார்கள். என் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "இதுங்களுக்கு எது சரி எது தப்புன்னே தெரியலடா" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன. "அது தப்பில்லை" என்பது ஒன்று. "அது என் வேலையில்லை" என்பது இன்னொன்று. "தப்போ சரியோ, அவன் என் ஃபிரெண்டு, அவனை விட்டுட மாட்டேன்" என்பது மூன்றாவது. பெரியவர்கள் காதில் முதலாவது மட்டும்தான் விழுகிறது. பையன்கள் பெரும்பாலும் மனதில் வைத்துச் சொல்வது மூன்றாவதை. ஆனால் நடப்பில் அது இரண்டாவதாக முடிந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்துகிறது. 'மானிட்டரிங் தி ஃபியூச்சர்' என்று பெயர். அதில் போதையைப் பற்றி மூன்று விதமான கேள்விகள் தனித்தனியாக இருக்கும். நீ பயன்படுத்தினாயா? இதில் எவ்வளவு ஆபத்து இருப்பதாக நினைக்கிறாய்? இதைப் பயன்படுத்துகிறவர்களை நீ ஏற்க மறுக்கிறாயா? மூன்றாவது கேள்விதான் நம் ஊர் 'ஜட்ஜ் பண்றது'.

அந்தக் கணக்கெடுப்பு சொன்ன ஒரு கதை பிரபலமானது. 1978-ல் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் 10.7 சதவீதம் பேர் அனேகமாக நாள்தோறும் கஞ்சா புகைப்பவர்கள். தொடர்ந்து புகைப்பது பெரிய ஆபத்து என்று நினைத்தவர்கள் அப்போது சுமார் 35 சதவீதம். 1991-ல் அப்படி நினைத்தவர்கள் 79 சதவீதம் ஆனார்கள். 1992-ல் அன்றாடம் புகைப்பவர்கள் 1.9 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். ஆபத்து என்ற எண்ணம் ஏற ஏற, பழக்கம் இறங்கியது. அப்புறம்தான் வேடிக்கை. 2010களில் அந்த பயம் மறுபடி சரிந்தது, 2017-ல் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. அப்படியானால் பயன்பாடு கிடுகிடுவென ஏறியிருக்க வேண்டுமே? அந்த வேகத்தில் ஏறவில்லை. "எனக்கு அதில் பெரிய ஆபத்து தெரியவில்லை" என்று சொல்கிற ஒருவன் தானே இழுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அக்கா மகனின் வாக்கியத்தைக் கேட்டு, அவனும் சந்துக்குள் போய்விட்டான் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் 2018-ல் நாடு முழுக்க இரண்டு லட்சம் வீடுகளில் எடுத்த கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. அதன்படி 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 0.9 சதவீதம், மது 1.3 சதவீதம். வீட்டுக்கு வந்து கேட்டால் அம்மா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பையன் உண்மை சொல்வான் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. சரி, வகுப்பறையில் எடுத்த கணக்கைப் பார்ப்போம். 2019-ல் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவோர் 8.5 சதவீதம். அதாவது நூறில் தொண்ணூற்றொரு பேர் தொடுவதில்லை.

அந்தத் தொண்ணூற்றொரு பேரிடம் கேட்டுப் பாருங்கள். "கிளாஸ்ல எல்லாரும் பண்றாங்க" என்பார்கள். இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. 1993-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரெண்டிஸ், டேல் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் கேட்டார்கள்: வளாகத்தில் இவ்வளவு குடிப்பது உனக்கு ஒப்புதலா? மற்றவர்களுக்கு ஒப்புதல் என்று நினைக்கிறாயா? ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் நெருடல் இருந்தது. ஆனால் மற்றவர்களுக்கு அந்த நெருடல் இல்லை, தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நாள்பட, ஆண் மாணவர்கள் தங்கள் கருத்தையே அந்தக் கற்பனைப் பெரும்பான்மைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். எல்லாரும் மௌனமாக இருந்தார்கள், எல்லாரும் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று படித்துக்கொண்டார்கள். பை பிடித்துக்கொண்டு நிற்பவன் நினைக்கிறான், தான் மட்டும்தான் பை பிடிப்பவன் என்று. உண்மையில் அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் பை பிடிப்பவர்கள்தான்.

இந்தப் போக்கு ஏதோ இன்ஸ்டாகிராமில் இறக்குமதியானது என்று சிலர் சொல்கிறார்கள். சொல் இறக்குமதிதான், சரக்கு நம்முடையது. "குடிப்பான், ஆனா தங்கமான மனுஷன்" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்? "குடிச்சாலும் சம்பளத்தை அப்படியே கையில கொடுத்துடுவாரு" என்று மனைவி வாயாலேயே சான்றிதழ் வரும். அவனவன் இஷ்டம் என்பது நம் ஊர்ச் சொல். ஒன்று கவனித்தீர்களா, 'அவனவன் இஷ்டம்' உண்டு, 'அவளவள் இஷ்டம்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடையாறில் ஒரு காபி கடை வாசலில் சிகரெட்டோடு நிற்கும் பெண்ணை ரோட்டில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டால், ஜட்ஜ் பண்ணாத இந்தப் பெருந்தன்மை யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது புரிந்துவிடும்.

அரசின் நிலையும் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-க்குள் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது, 1974-ல் மறுபடி கொண்டுவந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் எடுத்தாகிவிட்டது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. ஒரே குடும்பத்தில் தாத்தா மதுவிலக்குக் காலத்தில் குடிப்பதற்குப் பெர்மிட் வைத்திருந்தார், அப்பா அரசாங்கக் கடையில் வரிசையில் நிற்கிறார். அந்தக் கடையின் பலகையில் 'மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு' என்று எழுதியிருந்ததைப் படித்தபடியே பள்ளிக்கூடம் போய் வளர்ந்த பிள்ளையிடம் போய் நாம் 'போதை தவறு' என்று வகுப்பெடுக்கிறோம். பதினாறு வயதுக்கு எது தெரிகிறதோ இல்லையோ, பெரியவர்களின் இரட்டை வேடம் நன்றாகத் தெரியும். "உங்க அப்பா வெள்ளிக்கிழமை அடிப்பாரே, அவர ஜட்ஜ் பண்ணியா?" என்று ஒருவன் கேட்டால் என் அக்கா மகனிடம் பதில் இருக்காது. என்னிடமும் இல்லை.

தீர்ப்பு சொல்வது என்றால் எப்படியிருக்கும் என்பதை அவர்கள் வேறொரு பக்கமும் பார்த்துவிட்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" என்று டீக்கடை முதல் டிவி வரை பேச்சு. செத்தவன் குடிகாரன், அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. கூலிவேலை, கடன், விட்டுப்போன பிள்ளைகள் எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. இந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை "நான் இவங்கள மாதிரி ஜட்ஜ் பண்ண மாட்டேன்" என்று முடிவெடுத்தால், அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதில் சென்னைக்கே உரிய ஒரு கோணம் இருக்கிறது. ஓ.எம்.ஆர். பக்கம் கேட்டட் கம்யூனிட்டி ஒன்றில் ஒரு பையன் கஞ்சாவோடு பிடிபட்டால் வீட்டில் "ஏதோ எக்ஸ்பெரிமென்ட் பண்ணிட்டான், கவுன்சலிங் போறான்" என்பார்கள். வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ அதே வயசுப் பையன் முடிக்கு லேசாகக் கலர் அடித்துக்கொண்டு பைக்கில் போனாலே 'புள்ளிங்கோ', கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 'கஞ்சா குடிக்கி'. ஒருவனுக்கு அது வயசுக் கோளாறு, இன்னொருவனுக்கு அது சாதிச் சான்றிதழ் மாதிரி ஒட்டிக்கொள்கிற பெயர். கால்பந்தால் 'மினி பிரேசில்' என்று பெயரெடுத்த வியாசர்பாடிப் பையன்களை, பிராக்டிகல் பரீட்சைக்குப் பேருந்தில் போகும்போதும் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். ஜட்ஜ் பண்ணாதே என்பது பணக்காரப் பிள்ளைகளின் ஃபேஷன் வசனமாக எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. வடசென்னைப் பையன்கள் சொல்லும்போதுதான் அது வேறு மாதிரி காதில் விழுந்தது. அவர்கள் தங்களைப் பற்றியும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

சரி, அப்படியானால் பை பிடித்துக்கொண்டு நிற்பது நல்லதுதானா? இங்கேதான் எனக்கு அக்கா மகனோடு ஒத்துப்போக முடியவில்லை.

டெம்பிள் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் குழுவினர் ஒரு கார் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்து ஆய்வு செய்தார்கள். 2005-ல் வந்த முதல் ஆய்வில், பதின்வயதினர் தனியாக ஆடியபோது எடுத்த ஆபத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது எடுத்தார்கள். இருபத்து நான்கு வயதைத் தாண்டியவர்களுக்கு நண்பன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 2011-ல் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். நண்பர்கள் அடுத்த அறையில் உட்கார்ந்து திரையில் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அப்படியும் பதின்வயதினர் மஞ்சள் விளக்கில் நிற்காமல் பாய்ந்தார்கள். மூளையில் இன்பத்துக்கான பகுதி அந்த நேரத்தில் அதிகமாக விழித்துக்கொண்டதும் ஸ்கேனில் தெரிந்தது. யோசித்துப் பாருங்கள். யாரும் உசுப்பேற்றவில்லை, யாரும் 'அடிடா' என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பைகளோடு சந்து முனையில் நிற்கும் நண்பன் தான் எதிலும் தலையிடவில்லை என்று நினைக்கிறான். அவன் நிற்பதே ஒரு தலையீடுதான்.

'அவன் சாய்ஸ்' என்ற சொல்லும் இந்த வயதில் கொஞ்சம் தடுமாறுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி, 'இரு, யோசி' என்று பிரேக் போடும் பகுதி, இருபதுகளின் நடுவரைக்கும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. கஞ்சா பழகியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார் என்று பழைய அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. பதின்வயதிலேயே தொடங்கியவர்களிடம் அது ஆறில் ஒருவர். குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தவர்கள் என்றால் அந்த நோயே வரும் ஆபத்தும் கூடும். முதல் நாள் அவன் தேர்ந்தெடுத்தான் என்றே வைத்துக்கொள்வோம். நூறாவது நாள் தேர்ந்தெடுப்பது யார்?

பெரியவர்கள் எல்லாவற்றையும் 'போதை' என்ற ஒரே கூடையில் போடுவதும் பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுக்கிறது. செல்போனும் போதை, கஞ்சாவும் போதை, ஊசியும் போதை என்றால் எதையும் நம்பத் தோன்றாது. உதட்டுக்குள் வைக்கும் 'கூல் லிப்' புகையிலை பள்ளி மாணவர்களிடம் பரவியது 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போன விஷயம். அது நிக்கோட்டின் பிரச்சினை, மெதுவாகப் பிடித்துக்கொள்ளும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மோப்பம் பிடிப்பது வேறு. அது இதயத் துடிப்பைத் திடீரென்று குலைத்து முதல் தடவையிலேயே உயிரை எடுக்கக்கூடும். எய்ம்ஸ் கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடச் சிறுவர்கள் சதவீதத்தில் அதிகமாகப் பயன்படுத்திய ஒரே வகை இந்த மோப்பப் பொருள்கள்தான்: சிறுவர்களில் 1.17, பெரியவர்களில் 0.58. கடைசியாக வலி மாத்திரைகள். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் டிரமடால் 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. டேபென்டடால் மாத்திரையோடு பிடிபடும் இளைஞர்கள் பற்றிச் சென்னைச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். இந்த மாத்திரைகள் மூச்சையே மெதுவாக்குகிறவை. பீரோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அக்கா மகன் பிறகொரு நாள் வேறொரு கதை சொன்னான். பெசன்ட் நகர் கடற்கரை, ராத்திரி ஒன்பது மணி. அவர்கள் வட்டத்தில் ஒருவன் ஏதோ மாத்திரையும் பீரும் சேர்த்து எடுத்துவிட்டு மணலில் சாய்ந்துவிட்டான். கூப்பிட்டால் பதில் இல்லை, குறட்டை மாதிரி ஒரு சத்தம் மட்டும். நாலு பேர் சுற்றி நின்றார்கள். ஒருவன் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான். இன்னொருவன் மோர் பாக்கெட். வாயைத் திறந்து ஊற்றினார்கள். முக்கால் மணி நேரம். 108-க்குக் கூப்பிடலாம் என்று ஒருவனுக்கும் தோன்றாமல் இல்லை. "போலீஸ் வரும், வீட்டுக்குத் தெரியும், ஸ்கூல்ல டிசி கொடுத்துடுவாங்க மாமா." நல்லவேளை, வாந்தியெடுத்து அவனாகவே எழுந்துவிட்டான்.

நினைவில்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸ்காரரிடம் என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குறட்டை சத்தம் தூக்கம் இல்லை, மூச்சு அடைபடுவதன் அறிகுறி. இதை எந்தப் பள்ளியிலும் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. உறுதிமொழி எடுக்க வைத்திருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் 'போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு' என்று மாநிலம் முழுக்க மாணவர்கள் கைநீட்டி உறுதிமொழி எடுத்தார்களே, அவர்களில் இந்த நாலு பேரும் உண்டு.

அவர்களின் மௌனத்துக்கு வெறும் கொள்கை காரணமில்லை. 'போட்டுக்கொடுத்தால்' என்ன ஆகும் என்ற கணக்கு காரணம். ஆசிரியரிடம் சொன்னால் டி.சி., அப்பாவிடம் சொன்னால் அடி, போலீஸ் என்றால் கேஸ். உதவி என்ற கதவு எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. ஜட்ஜ் பண்ணாதே என்பது அந்த நிலைமைக்கு வைத்த கௌரவமான பெயர்.

சட்டத்தில் கதவு இருக்கத்தான் செய்கிறது, யாரும் சொல்வதில்லை. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா பயன்படுத்துவதற்கே 27-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையாகிவிட்ட ஒருவர் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையை முடிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம். 2016-ன் மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததோ இல்லாவிட்டால், சிறுவர்கள்மீது எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது, பொது நாட்குறிப்பில் எழுதினால் போதும். அதோடு அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று, குழந்தையைக் குற்றவாளியாகச் சித்திரிக்கும் சொற்களையே பயன்படுத்தக்கூடாது என்பது. அதாவது, ஜட்ஜ் பண்ணாதே என்று சட்டமே சொல்கிறது! மறுநாள் செய்தித் தலைப்பு 'கஞ்சா போதையில் சிறுவர்கள் அட்டகாசம்'. விற்பவன் பக்கம் இதே சட்டம் கறாராக இருக்கிறது. குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஜட்ஜ் பண்ணாமல் இருப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இந்திரா நகரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை 1980-ல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடியால் இழந்தவர். 'குடிகாரன்' என்பது வசவாக மட்டும் இருந்த ஊரில், அது நோய், இதற்கு வார்டு உண்டு, படுக்கை உண்டு, வீட்டாரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று சொல்லிப் பழக்கினார். 2017-ன் மனநலச் சட்டமும் மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. இந்த மையங்களில் இன்று பரவலாக இருக்கும் பேச்சுமுறை ஒன்றை 1983-ல் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் முன்வைத்தார். எதிரே இருப்பவனை வாதத்தில் மடக்கப் பார்த்தால் அவன் தன் பழக்கத்துக்கு வக்கீலாகிவிடுவான் என்பது அவர் கண்டது. அதனால் கவுன்சலர் கேட்டுக்கொண்டே இருப்பார். இதில உனக்குப் பிடிச்சது என்ன? பிடிக்காதது என்ன? போன வருஷம் ஃபுட்பால் ஆடினியே, இப்ப ஏன் போறதில்ல? எதற்கும் முகம் சுளிக்க மாட்டார். பதிலை அவனே சொல்லும்வரை விடவும் மாட்டார்.

பை பிடிப்பவனும் ஜட்ஜ் பண்ணுவதில்லை, கவுன்சலரும் ஜட்ஜ் பண்ணுவதில்லை. இவர் கேட்கிறார், அவன் கேட்பதில்லை.

சென்னைக்கு இதில் பழைய அனுபவம் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், இங்கேதான், டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த நோயைப் பேச்சில் எடுப்பதே அவமானமாக இருந்தது. 2000களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஒரு போஸ்டர் வந்தது. கேலி, கிண்டல், எரிச்சல் எல்லாம் வந்தது. ஆனால் ஊர் அதைப் பற்றி வாய் திறந்தது. அந்த விளம்பரத்தில் புள்ளிராஜா கெட்டவன் என்று இல்லை. ஒரு கேள்விக்குறிதான் இருந்தது.

அன்றைக்கு அக்கா மகனுக்கு இரண்டு எண்களை அனுப்பிவைத்தேன். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். "உனக்கு இல்லடா, உன்கிட்ட இருக்கட்டும்" என்றேன். 'ஓகே' என்று ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்கு மேல் நான் நோண்டவில்லை. அக்காவிடம் பெசன்ட் நகர் கதையைச் சொல்லவும் இல்லை. நானும் பை பிடிப்பவன்தான் போலிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து மறுபடி அதே தெரு, அதே டீக்கடை. இந்தத் தடவை அவன் தனியாக வந்து வண்டியில் ஏறினான். சுரங்கப்பாதை தாண்டிய பிறகு அவனாகவே பேசினான்.

"கேட்டுட்டேன் மாமா."

"யார்கிட்ட?"

"அவன்கிட்டதான். பீச்ல விழுந்தவன். தூக்கம் வருதாடா, வீட்ல ஏதாவது பிரச்சனையா, எதுக்குடா இதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"பையக் குடுடான்னான்."

"குடுத்தியா?"

"குடுத்தேன். ஆனா அவன் வீடு வரைக்கும் கூடவே நடந்து போனேன்."